குப்புறக் கிடந்த பூ

கல்லுக்குள் பழங்காலத்துச் செடி பதிந்து கிடந்தால் நோவா ஒலிந்தா ஊர்க் குவாரிக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: புல். இலையாக இருந்தாலும் புல், விதையாக இருந்தாலும் புல், வேரோடு முழுச் செடியே கால் நீட்டிப் படுத்திருந்தாலும் புல். மீன் என்றால் கூப்பிட்டுக் காட்டுவார்கள். தும்பி என்றால் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நிற்பார்கள். புல் என்றால் ஒரு பார்வை, அவ்வளவுதான், உளி அடுத்த கல்லுக்குப் போய்விடும்.

லிந்தோமார் இருபத்தாறு வருடமாக அங்கே கல் பிளக்கிறான். காலை ஐந்து மணிக்கே குழிக்குள் இறங்கி, மஞ்சள் கல்லின் விளிம்பில் தட்டை உளியை வைத்து ஓட்டம் பார்த்துத் தட்டினால், வெங்காயத் தோல் மாதிரி தகடு தகடாகப் பிரியும். வீட்டுத் தரைக்கும் சுவருக்கும் போகிற கல். பத்து மணிக்குள் அது சூடேறி, உட்கார்ந்தால் பின்பக்கம் வெந்துவிடும். அவன் முழங்கால் இரண்டும் கழுதைக் குளம்பு போல் காய்த்திருந்தன. பூச்சி கண்டுபிடிப்பதில் அவனுக்கு நிகர் அவன்தான் என்று குவாரியில் பெயர். அந்தப் பெயர் மேல் அவனுக்குக் கொஞ்சம் ஆசையும் உண்டு.

அதனால்தான் ஏப்ரல் மாத வெயிலில், ஒரு செருப்பின் வார் அறுந்ததைக் கூடக் கவனிக்காமல், மியூசியத்து டாக்டர் எடிலேனி குழிக்குள் ஓடி வந்து, "அண்ணே, அந்தப் புல்லு! அந்தப் புல்லோட மத்த பாதி எங்க?" என்று கத்தியபோது ஒருவருக்கும் விளங்கவில்லை.

எடிலேனிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கல்லில் படிந்த செடிகளைப் படிப்பதே அவள் வேலை. ஒரு வாரத்துக்கு முன் லிந்தோமார் அவளிடம் ஒரு சில்லுவண்டைக் கொடுத்திருந்தான். மீசை இரண்டும் ஒடியாத அருமையான சில்லுவண்டு. கல்லுக்குள் கிடைப்பதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம், விற்றால் போலீஸ் வரும். எனவே நல்லது கிடைத்தால் மியூசியத்துக்குப் போய்விடும். அந்தச் சில்லுவண்டுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குப் பழுப்பாக ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. அது இல்லாவிட்டால் வண்டு எடுப்பாக இருக்கும் என்று அறுக்கிற மிஷின் வரைக்கும் கொண்டுபோனான் லிந்தோமார். கரண்ட் போய்விட்டது. சோம்பல்பட்டு அப்படியே கொடுத்துவிட்டான்.

"எந்தப் புல்லு, டாக்டரம்மா? நான் குடுத்தது வண்டு."

"வண்டு கெடக்கட்டும்."

"கெடக்கட்டுமா!" என்றான் பக்கத்துக் குழியிலிருந்து நெக்கோ. லிந்தோமாரோடு பதினைந்து வருடமாக வேலை செய்கிறவன். வாய் ஓயாதவன். "அந்த வண்டைப் பத்தி நாலு நாளா எங்க காதுல ஈயத்த ஊத்தியிருக்கான் இவன். இப்ப கெடக்கட்டுமாம்!"

எடிலேனி நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்தாள், துள்ளி எழுந்தாள், பிறகு குத்துக்காலிட்டுச் சொன்னாள்.

"அது பூச்செடி அண்ணே. அப்படித்தான் நான் நெனக்கிறேன். நிஜமா இருந்தா, பூமியில மொத மொதல்ல வந்த பூச்செடிங்கள்ல ஒண்ணு. டைனோசர் நடமாடின காலம். அதுக்கு முன்னாடி எங்க பார்த்தாலும் பைன் மரம், பெரணி, பூன்னு ஒண்ணு கெடையாது. அப்புறம் திடீர்னு பாறையில பூச்செடி தலைகாட்டுது. தண்ணி ஓரத்துல, சின்னச் சின்னதா, களை மாதிரி. எங்கிருந்து வந்துச்சு, அதைப் பெத்த செடி எது, இன்னி வரைக்கும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது."

"பூவையே காணமே அதுல," என்றான் லிந்தோமார். "இதழு இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இதழ் இல்லாமலும் பூ உண்டு. நான் பாக்கறது இதழ இல்ல, விதைய. பைன் மரத்து வகைக்கு விதை அம்மணமா நிக்கும். பூச்செடி மட்டுந்தான் விதையச் சுத்திச் சுவர் எழுப்பி மூடி வெச்சிருக்கும். அவரைக்காய்க்குள்ள பயறு இருக்கே, அப்படி. நீங்க குடுத்த பாதியில வெளித்தோல் மட்டுந்தான் தெரியுது. கல்லு பிளந்தப்ப உள்பக்கம் மத்த பாதியோட போயிருச்சு. விதை மூடி இருந்துச்சா, தெறந்து இருந்துச்சான்னு அதுதான் சொல்லும்."

"சொல்லலேன்னா?"

"படத்தைப் பாத்துட்டு சாவ் பாவுலோவுல ஒருத்தர் ஏற்கெனவே சொல்லிட்டார், இது பைன் மரத்துச் சொந்தக்காரன்னு. அதையே எழுதிருவாங்க."

"அந்த ஆளு கல்லு பொளந்திருக்கானா?"

"இல்ல."

"அப்ப அவனுக்கு எதுக்கு வாயி?"

நெக்கோ உளியைக் கீழே வைத்துவிட்டான். "டாக்டரம்மா, ஒரு சந்தேகம். இந்தப் பூச்செடியே வராம போயிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?"

"அரிசி இல்ல, பீன்ஸ் இல்ல, சோளம் இல்ல, மாம்பழம் இல்ல, காப்பி இல்ல. எல்லாம் பூச்செடிதான். நீங்க புல்லு புல்லுங்கறீங்களே, நெசப் புல்லும் பூச்செடிதான்."

"கரும்பு?"

"கரும்பும்."

"அப்ப கரும்புச் சாராயமும் இல்ல!" நெக்கோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "டே லிந்தோமார், தேட்றா அந்தக் கல்லை. இது சாதாரண விஷயம் இல்ல."

எல்லாரும் லிந்தோமாரையே பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொளந்த கல்லு, டாக்டரம்மா. வண்டு இருந்த பாதிய மட்டும் வீட்டுல எடுத்து வெச்சிருந்தேன். மத்தது எங்க போச்சோ. லாரி லாரியா போகுது. ஃபோர்த்தலேசாவுல எவன் வீட்டுக் கக்கூஸ்ல கெடக்கோ."

பொய். கல் எங்கே கிடக்கிறது என்று அவனுக்கு அங்குலம் பிசகாமல் தெரியும்.

கறை, கோடு, மீன், புல் என்று எது இருந்தாலும் அது அழுக்குக் கல். வாங்குகிறவர்களுக்குப் பளிச்சென்ற மஞ்சள்தான் வேண்டும். அழுக்குக் கல்லை வேலைக்காரர்களே எடுத்துக்கொள்ளலாம் என்பது குவாரியில் நெடுநாள் வழக்கம். பதிக்கும்போது அழுக்குப் பக்கத்தைக் குப்புறப் போட்டு, சுத்தமான முதுகை மேலே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? லிந்தோமார் ஞாயிற்றுக்கிழமைகளில் தரை போடுவான். இரண்டு வருடத்துக்கு முன், சேர்த்து வைத்திருந்த அழுக்குக் கல்லையெல்லாம் அறுத்துச் சதுரமாக்கி, சுலெய்தியின் முற்றத்தில் பதித்தான். அந்தப் பாதிக்கல் அக்கார்டியன்காரன் உட்காரும் பெஞ்சிலிருந்து மூன்றாவது வரிசை, ஐந்தாவது கல். ஒரு மூலை சில்லு போனது. தன் கையால் வைத்த கல்லை மறக்கிற ஜாதி இல்லை அவன்.

சுலெய்தி விதவை. புருஷன் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கூரை போட்டு, சனிக்கிழமைதோறும் அக்கார்டியன், மேளத்தோடு ஜோடி ஜோடியாக ஆடுகிற ஃபொரோ ஆட்டம் வைத்துப் பிழைக்கிறாள். அவள் மகளை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய ஞானத்தகப்பன் லிந்தோமார். அதனால் அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. அந்த ஊரில் கூடப்பிறந்தவன் ஏமாற்றினால் பேசித் தீர்ப்பார்கள். கொம்பாத்ரே ஏமாற்றினால் பேச்சே கிடையாது.

லிந்தோமார் ஏமாற்றியிருந்தான்.

அந்தத் தரைக்கு அவள் பத்து மூட்டை சிமெண்ட் வாங்கிக் கொடுத்தாள். மூன்று மூட்டைதான் தரைக்குள் போயிற்று, அதுவும் ஓரங்களுக்கும் இடுக்குகளுக்கும் மட்டும். மற்ற இடமெல்லாம் ஆற்று மணல். மிச்சம் ஏழு மூட்டை அவன் வீட்டு மழைநீர்த் தொட்டிக்குப் போயிற்று. அது மூன்றாவது வறட்சி வருடம். தொட்டியில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். ஒழுகிக்கொண்டே இருந்தது. தரையை அடுத்த வருடம் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தான். அடுத்த வருடம் வந்தது, அதுபாட்டுக்குப் போயிற்று. தரையில் நாலைந்து கல் ஆட ஆரம்பித்தது. ஆடும்போது டக் டக் என்றது. சுலெய்தியோ, வெளியூர்க்காரர்கள் வந்தால் காலால் தரையைத் தட்டிக் காட்டி, "எங்க கொம்பாத்ரே போட்டது. பத்து மூட்டை முழுங்கின தரை!" என்று பெருமையடிப்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் லிந்தோமாருக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வரும்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அவன் மனைவி மார்லூசி தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"பீன்ஸ்ல உப்பு போட மறந்துட்டேன். பாதித் தட்டு தின்னுட்டே, ஒரு வார்த்தை சொல்லலை. என்ன பண்ணித் தொலைச்சே?"

சொன்னான். தொட்டிக்குப் பூசினது குவாரியில் மிஞ்சின சிமெண்ட் என்றுதான் அவளிடமும் சொல்லி வைத்திருந்தான். மார்லூசி கரண்டியை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தத் தண்ணியிலதான் இந்த பீன்ஸ் வெந்துச்சு," என்றாள்.

"இப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"கல்லத் தூக்கினா மானம் போயிரும். தூக்கலேன்னா பூ போயிரும். நான் அந்தப் பூவையும் பாத்ததில்ல, மானத்தையும் உங்கிட்ட நெறையப் பாத்ததில்ல. எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

குவாரியில் அந்த வாரம் முழுக்க நெக்கோ விடவில்லை. பைன் மரம் என்று சாவ் பாவுலோ ஆள் சொன்னது அவனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. "டே, முட்டைக்கோஸ் கண்டுபிடிச்சவனே! அந்தக் கொத்தமல்லியக் கொஞ்சம் எடு!" என்று ஆரம்பித்து, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். லிந்தோமாருக்குக் கோபம் வந்தது. புல்லுக்காகக் கோபப்படுவோம் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் ஒன்று. அந்தக் கல்லைப் பிளந்தவன் அவன். மற்ற பாதியைக் குப்புறத் திருப்புவதற்கு முன் ஒரு நொடி பார்த்தவனும் அவன்தான். உள்ளே மணி மணியாக ஏதோ இருந்தது. இருந்ததாகத்தான் ஞாபகம். இருந்ததா? அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, உளியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சுலெய்தி வீட்டுக்குப் போனான். திங்கட்கிழமை அவள் கிராத்தோ சந்தைக்குப் போய்விடுவாள். கல்லைத் தூக்கி, வேறு கல்லைப் போட்டு, அரைமணியில் நடையைக் கட்டிவிடலாம்.

சுலெய்தி வாசலில் உட்கார்ந்து கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க கொம்பாத்ரே! வேலைக்குப் போகலியா? ஒடம்புக்கு ஆகலியா?"

"சந்தைக்குப் போகலியா கொமாத்ரே?"

"பஸ்ஸு டயர் வெடிச்சிருச்சு. சாக்குல என்ன?"

"ஒரு கல்லு ஆடுதுன்னு சொன்னாங்க. சரி பண்ணிட்டுப் போலாம்னு."

"ஐயோ, அதத் தொடாதீங்க! மேளக்காரன் அந்தக் கல்லுமேல நின்னுதான் தாளம் போடுறான். அது இல்லாட்டி அவனுக்குக் கை ஓடாதாம்." சிரித்தாள். "காப்பி போடறேன், உக்காருங்க."

உட்கார்ந்தான். காப்பியை வாயில் வைப்பதற்குள் வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து எடிலேனி இறங்கினாள். ஓட்டி வந்தவன் நெக்கோ.

"அண்ணே, நீங்களும் இங்கதானா!" எடிலேனியின் முகமெல்லாம் புழுதி. "அழுக்குக் கல்லெல்லாம் நீங்கதான் எடுத்துக்குவீங்கன்னு நெக்கோ சொன்னாரு. அழுக்குக் கல்லு வெச்சு நீங்க தரை போட்டது மூணே மூணு எடமாமே. உங்க வீடு, சேப்பல் படிக்கட்டு, இந்த முத்தம். உங்க வீட்டுல அக்காகிட்டக் கேட்டேன். வீட்டுத் தரை பத்து வருஷப் பழசுன்னாங்க. படிக்கட்டுல சாமியார் கல்லைத் தட்டவே விடமாட்டேன்னுட்டாரு. அதுவும் பழசுதான்."

லிந்தோமார் நெக்கோவைப் பார்த்த பார்வையில் நெக்கோவுக்கு வேர்த்திருக்க வேண்டும். அவனுக்கு வேர்க்கவில்லை. "என்னடா மொறைக்கிறே? சாராயத்துக்கு ஒரு நன்றிக்கடன் செய்ய வேணாமா?"

எடிலேனி சுலெய்தியிடம் முழுக் கதையையும் சொன்னாள். டைனோசர், பைன் மரம், மூடின விதை, எல்லாம். சுலெய்தி கோழியை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "இங்கயும் இல்லேன்னா அவ்வளவுதான் அக்கா. பைன் மரம்னு எழுதி மூடிர வேண்டியதுதான்," என்று எடிலேனி சொன்னபோது, அவள் குரல் லேசாக உடைந்தது. வார் அறுந்த செருப்பைக் கம்பி வைத்துக் கட்டியிருந்ததை லிந்தோமார் அப்போதுதான் கவனித்தான்.

"கொம்பாத்ரே," சுலெய்தி கேட்டாள், "இங்க இருக்கா அது?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. யாரும் நானூறு கல்லைப் பெயர்க்கப்போவதில்லை.

"மூணாவது வரிசை," என்றான். "அஞ்சாவது கல்லு."

சொல்லும்போதே உள்ளுக்குள் கணக்கு ஓடியது. ஒரே ஒரு கல்தானே. தானே தூக்கினால், தூக்கின வேகத்தில் குழியின் மேல் சாக்கை விரித்துவிட்டால் போதும். எல்லாரும் பூவைத்தான் பார்ப்பார்கள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. தூசி பறக்கும்," என்றான்.

யாரும் தள்ளி நிற்கவில்லை. சுலெய்தி கோழியோடு வந்து தலைமாட்டில் நின்றாள். பத்து மூட்டை முழுங்கின தரையல்லவா, இளக அரைநாளாவது ஆகும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். லிந்தோமார் இடுக்கைச் சுரண்டி, உளி நுனியை நுழைத்து, ஒரு நெம்பு நெம்பினான்.

பானை மூடியைத் தூக்கின மாதிரி கல் கையோடு வந்துவிட்டது.

அடியில் மணல். காய்ந்த, சலித்த, சுத்தமான ஆற்று மணல். நாலைந்து எறும்புகள் திசை தெரியாமல் ஓடின. சாக்கு அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. எடிலேனி அதன் மேல்தான் மண்டியிட்டிருந்தாள்.

கல்லைத் திருப்பிப் பிடித்தான். எடிலேனி முதலில் தூரிகையால் மணலைத் தட்டினாள், பிறகு வாயால் ஊதினாள், பிறகு கழுத்தில் தொங்கின லென்ஸை எடுத்து மூக்கு கல்லில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் லென்ஸை நகர்த்திக்கொண்டே போனாள். நெக்கோ அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"பாருங்க," என்று லென்ஸை லிந்தோமாரிடம் நீட்டினாள்.

மெல்லிய தண்டு. அதைச் சுற்றி வரிசையாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, நெற்றுகள். ஒவ்வொரு நெற்றும் நான்கு பக்கமும் மூடியிருந்தது. நடுவில் பிளந்திருந்த மூன்றில் மட்டும் உள்ளே தெரிந்தது: கடுகு கடுகாக, நெருங்கி உட்கார்ந்து, விதைகள். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. காய்ந்த கீரைத்தண்டைக் கல்லில் வைத்துத் தேய்த்தால் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் லிந்தோமார் லென்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு முறை பார்த்தான். ஞாபகம் பொய் சொல்லவில்லை.

"மூடித்தான் இருக்கு," என்றான்.

"மூடித்தான் இருக்கு!" எடிலேனி எழுந்து நெக்கோவைக் கட்டிப்பிடித்தாள். அடுத்து சுலெய்தியை, கோழியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. பிறகு குழியைப் பார்த்தாள். அவள் முகம் இன்னும் மலர்ந்தது.

"மணல்! சிமெண்ட் மட்டும் பட்டிருந்தா இந்நேரம் எல்லாத்தையும் தின்னு தீர்த்திருக்கும். தூக்கும்போதே தோலோட உரிஞ்சு வந்திருக்கும். காய்ஞ்ச மணல்ல படுக்க வெச்சிருக்கீங்க! அண்ணே, புல்லு புல்லுன்னு சொல்லிக்கிட்டே, உள்ளுக்குள்ள இதோட அருமை தெரிஞ்சுதானே இப்படிச் செஞ்சீங்க?"

லிந்தோமார் சுலெய்தியைப் பார்க்கவில்லை. அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருப்பது பார்க்காமலே தெரிந்தது.

தலையை ஆட்டினால் போதும். அறிவியலுக்காகச் செய்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். பேசாமல் நின்றாலே போதும். எடிலேனி நோட்டை எடுத்துவிட்டாள். எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னாள்.

"கண்டெடுத்தவர் பாதுகாக்கும் நோக்கத்தோட உலர் மணல்ல வெச்சிருந்தார்... எந்த அடுக்கு அண்ணே?"

"கெழக்குச் சுவரு. மேல இருந்து ஏழாவது அடுக்கு, நீலக்கோட்டுக்குக் கீழ."

"ஏழாவது அடுக்கு, நீலக்கோட்டுக்குக் கீழே. கண்டெடுத்தவர் வாக்குமூலம்."

அந்தக் கடைசி வார்த்தை லிந்தோமாருக்கு வேறொரு ஆளை ஞாபகப்படுத்தியது. மியூசியத்துப் பின்னறையில் ஒரு அலமாரி உண்டு. அவன் பார்த்திருக்கிறான். வெட்டுக்கிளி உடம்புக்குச் சில்லுவண்டுத் தலையைப் பசை போட்டு ஒட்டி விற்ற ஒருத்தனுடைய கல் அத்தனையும் அதில் கிடக்கிறது. ஒட்டினது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அவன் கொடுத்த நாற்பது கல்லுக்கும், எந்த அடுக்கு, எந்த நாள் என்று அவன் சொன்னதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. நல்லதும் சேர்ந்து போயிற்று. அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது லிந்தோமார்தான் முதலில் காறித் துப்புவான். ஏழாவது அடுக்கு என்பது உண்மை. அதற்கு மேல்வரியில் ஒரு பொய் உட்கார்ந்திருந்தது.

"அத எழுதாதீங்க, டாக்டரம்மா."

"எத?"

"மணல. அத நான் பூவுக்காகப் போடல." குழியைப் பார்த்துத்தான் சொன்னான். "சிமெண்ட்டத் திருடிட்டேன். கொமாத்ரே குடுத்தது பத்து மூட்ட. மூணுதான் இங்க இருக்கு. ஏழு மூட்ட என் வீட்டுத் தொட்டியில இருக்கு."

நெக்கோ விசிலடிக்க வாயைக் குவித்து, சத்தம் வராமல் அப்படியே நின்றான். எடிலேனி நோட்டைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். எழுதின வரியை மெதுவாக அடித்தாள்.

சுலெய்தி கோழியை நெக்கோவின் கையில் கொடுத்தாள். முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கல்லாகக் குதிகாலால் ஓங்கி மிதித்துக்கொண்டே போனாள். டப், டப், டப் என்று காலிப் பானைச் சத்தம். மறுமூலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். ஓரத்துல மட்டும் இருக்கு."

"வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொன்னேனேடா!" இத்தனை வருடத்தில் அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "பத்து மூட்ட, பத்து மூட்டன்னு காலால தட்டித் தட்டிக் காமிச்சேனேடா! நீயும் பக்கத்துல நின்னு பல்ல இளிச்சியே!"

"ஆமா."

"ஆமாவா? வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

"தொட்டி ஒழுகுச்சு கொமாத்ரே. மூணாவது வருஷமா மழை இல்ல. கேட்டா குடுத்திருப்பீங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு. எடுக்க வெக்கமா இல்ல."

சுலெய்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். ஏதோ யோசித்தாள். அவள் மூக்கு விடைத்தது.

"போன அக்டோபர்ல தண்ணி லாரி வரல," என்றாள். "பதினோரு நாளு உன் வீட்டுலருந்துதான் மார்லூசி எனக்குக் குடம் குடமாக் குடுத்தனுப்பினா."

"ஆமா."

"அப்ப என் தரையத்தான் நான் குடிச்சிருக்கேன்."

நெக்கோவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கோழியை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கினான். சுலெய்தி அவன் பக்கம் திரும்பின வேகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"சனிக்கிழமை ஆட்டம் இருக்கு," என்றாள் லிந்தோமாரிடம். "இன்னிக்குத் திங்கள். ஒரு கல்லு விடாம எடுத்து, சிமெண்ட் வெச்சுத் திருப்பிப் போடணும். ஏழு மூட்ட இன்னிக்குச் சாயங்காலம் இந்த வாசல்ல இறங்கணும். மூட்டையப் பிரிக்கிறப்ப நான் பக்கத்துல நிப்பேன்."

"அக்கா," எடிலேனி தயங்கினாள், "எல்லாக் கல்லையும் எடுக்கறாங்கன்னா... ஒவ்வொண்ணா அடிப்பக்கத்தைப் பாத்துக்கட்டுமா?"

"பாத்துக்கோ. சாந்து கொழைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அவன் சொல்லித் தருவான். மண்வெட்டி அங்க இருக்கு."

அப்படியாக அந்த வாரம் நோவா ஒலிந்தாவில் பார்க்கத்தக்க ஒரே வேடிக்கையாக அது ஆயிற்று. லிந்தோமார் கல்லைப் பெயர்ப்பான். எடிலேனி திருப்பிப் பார்த்து, மீன், புல், புல், ஒன்றுமில்லை, புல் என்று நோட்டில் குறிப்பாள். பிறகு இடுப்பொடியச் சாந்து குழைப்பாள். வேலை முடிந்து வருகிற குவாரிக்காரர்கள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, "டே, ஈரம் பத்தாதுடா! இன்னும் கொஞ்சம் மணல் போட்டுக்கோ, உனக்குத்தான் மணல்னா உயிராச்சே!" என்று கத்துவார்கள். லிந்தோமார் அடுத்த கல்லுக்கு நகர்வான். ஊரில் மூன்று பேர், தங்கள் வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்த தரை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் அவன் காதுக்கு வந்தது.

மியூசியத்துக்குப் போனவை பதினாறு கல். பதினாறும் புல். எடிலேனி அனுப்பின புதுப் படத்துக்கு வியாழக்கிழமை சாவ் பாவுலோவிலிருந்து பதில் வந்தது. எடிலேனி போனில் படித்தாள். "விதைகள் மூடியிருக்கின்றன. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்." அதைச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக இன்னொரு முறை உரக்கப் படிக்கச் சொன்னான் நெக்கோ. கைதட்டலும் கேட்டது. லிந்தோமார் குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் கரணையைப் பிடித்த கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான்கு வரிசைதான் பாக்கி. ஐந்து நாளும் சுலெய்தி பக்கத்தில் நின்றாள், அவனோடு பேசவில்லை. எடிலேனிக்குச் சாப்பாடு போட்டாள், நெக்கோவுக்குப் போட்டாள், தெருவில் போகிறவனுக்குக்கூடக் காப்பி கொடுத்தாள். லிந்தோமார் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைத் தின்றான். அன்றைக்கு ஒரு தட்டு அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அரிசியும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்து, மேலே வறுத்த பாலாடைக்கட்டி.

கை கழுவாமல் தட்டையே பார்த்தான்.

"கொமாத்ரே."

"என்ன?"

"இன்னும் நான் கொம்பாத்ரேதானா?"

சுலெய்தி குத்துக்காலிட்டு, புதிதாகப் போட்ட வரிசையில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கை நின்றது.

"என் பொண்ணு தலையில தண்ணி ஊத்தறப்ப ஏந்திக்கிட்டு நின்னது நீ. அத இனிமே யாரு போயி அழிக்கறது?" என்றாள். "இந்தக் கல்லு ஒரு நூலு தூக்கியிருக்கு பாரு. ஈரம் காயறதுக்குள்ள தட்டு. அப்புறமாத் தின்னலாம்."

லிந்தோமார் மரச்சுத்தியை எடுத்துத் தட்டினான்.